கட்டப்படாத பதினான்கு மாடிக்கு நன்றி

சாயக்காரச் சந்து,
கீழவாசல், தஞ்சாவூர்.
ஐப்பசி மாதம், 2007

'டெல்டா விளக்கு' வார இதழின் ஆசிரியர் திரு. ஜெக்கரியா அவர்களின் சமூகத்துக்கு, மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் கணக்கெடுத்து ஓய்வுபெற்ற மதலைமுத்து பணிவன்புடன் எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையால் நானும் என் மனைவி பிலோமினாளும் இவ்விடம் சௌக்கியம். தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், தங்கள் அச்சகத்தாரும் அதேபோல் சௌக்கியமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். வாசகர் கடிதம் என்றாலே தங்களுக்குச் சாக்கடை, தெருநாய், குடிநீர் என்று மனசு படபடக்கும். இது புகார் அல்ல. தைரியமாக மேலே வாசிக்கலாம். தாங்கள் வெளியிட்ட ஒரு செய்தி முழுக்க முழுக்கத் தவறாகப் போனதற்காக நன்றி சொல்லி எழுதப்படும் கடிதம் இது.

எங்கள் சந்து முனையில் பழைய நெல் மில் ஒன்று இருந்ததைத் தாங்கள் அறிவீர்கள். மில் நின்றுபோய், கூரை விழுந்து, புகைபோக்கியையும் இடித்த பிறகு அது வெறும் மனையாகக் கருவேலம் மண்டிக் கிடந்தது. சென்ற ஆடி மாதம் யாரோ ஆட்கள் வந்து செடியை வெட்டி, சுற்றிலும் நீலத் தகரம் அடித்துவிட்டுப் போனார்கள். யார் எதற்கு அடித்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அந்த வாரம்தான் தங்கள் இதழின் முதல் பக்கத்தில், கீழவாசலில் பதினான்கு மாடிக் கட்டடம் என்று கொட்டை எழுத்தில் செய்தி வந்தது. மறுநாள் காலை காத்தான் டீக்கடையில் பெஞ்சில் உட்கார இடமில்லை. நகைக்கடை என்றார் ஒருவர். இல்லை, ஆஸ்பத்திரி, மேலே ஹெலிகாப்டரே இறங்குமாம் என்றார் இன்னொருவர். பதினாலாவது மாடியில் ஏறி நின்றால் நாகப்பட்டினம் கடல் தெரியும் என்று ஒரு கட்சி, கடல் எங்கே தெரியும், வல்லம் மேடுதான் தெரியும் என்று ஒரு கட்சி. டீ ஆற்றிக்கொண்டிருந்த காத்தான், "பெரிய கோயிலைத் தாண்டி ஒரு செங்கல் மேல போக விடமாட்டாங்க. எழுதி வச்சுக்கங்க" என்றார். "அப்ப கோயில் கோபுரம் எத்தனை மாடி?" என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். "ரீடிங் சார், நீங்க சொல்லுங்க." ஐயா, நான் சர்வீஸ் பூராவும் பார்த்த அதிகபட்ச உயரம் மீட்டர் பெட்டி. ஆனால் கேட்டுவிட்டார்களே, சும்மா இருக்கலாமா? பதினாலு மாடி என்றால் லிஃப்டுக்கு மட்டுமே தனி டிரான்ஸ்ஃபார்மர் வேண்டியிருக்கும் என்று சொல்லிவைத்தேன். சாயங்காலம் கறிகாய் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "சார், விஷயம் தெரியுமா? டிரான்ஸ்ஃபார்மரே சாங்ஷன் ஆயிடுச்சாம். இ.பி. ஆளே சொன்னாராம்" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்துவிட்டது.

அதோடு நிற்கவில்லை. பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகள் அனிட்டா போன் பண்ணினாள். உயரமான கட்டடங்கள் என்றால் உயிரை விடுகிற கூட்டம் ஒன்று இன்டர்நெட்டில் இருக்கிறதாம். எந்த ஊரில் எத்தனை மாடி வருகிறது என்று ராத்திரி பகலாக அங்கே பேசிக்கொண்டே இருப்பார்களாம். தங்கள் செய்தியை யாரோ படம் பிடித்து அதில் போட்டிருக்கிறார்களாம். "அப்பா, இருபத்திரண்டு மாடின்னு போட்டிருக்கே, நம்ம வீட்டுப் பக்கத்திலயா?" என்று கேட்கிறாள். பதினாலாகப் புறப்பட்டுப் போனது பெங்களூர் தண்ணீரில் எட்டு மாடி வளர்ந்திருக்கிறது. நான் மறுக்கவில்லை.

இந்த நிலையில்தான் நல்லக்கண்ணு என்கிற மனைத் தரகர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா, இரண்டு செல்போன். "சார், உங்க வீடு சாதாரண வீடு இல்ல. திருப்பத்துல இருக்கு. உங்க வீட்டை வாங்காம சைட்டுக்குள்ள ஒரு லாரி திரும்ப முடியாது. கம்பெனிக்காரன் உங்க கால்ல வந்து விழுவான், நான் விழ வைக்கிறேன்" என்றார். அவர் சொன்ன விலையை இங்கே எழுதினால் தாங்கள் சிரிப்பீர்கள், ஆகையால் எழுதவில்லை. அன்று நான் சிரிக்கவில்லை. பிலோமினாளைக் கூப்பிட்டு அவருக்கு மோர் கொடுக்கச் சொன்னேன். மோரைக் குடித்துவிட்டு அவர், "ஒண்ணே ஒண்ணு சார். அந்தப் பக்கத்துப் பாதியும் சேர்ந்து வரணும். பாதி வீட்டை வாங்கி அவன் என்ன பண்ணுவான், பாதி லிஃப்டா வைப்பான்?" என்றார். எனக்கு மோர் விக்கியது, இத்தனைக்கும் குடித்தது அவர்.

இங்கே குடும்ப விவகாரம் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும். அந்தப் பக்கத்துப் பாதி என் அக்கா சவரியம்மாளுடையது. எங்கள் அப்பா இறந்தபோது வீட்டை இரண்டாகப் பிரித்து, முற்றத்திலிருந்து கொல்லை வரைக்கும் நடுவில் சுவர் வைத்தோம். அதுவரைக்கும் சண்டை இல்லை. அப்பாவுக்கு ஒப்புக்கொடுத்த முப்பதாம் நாள் பூசையில் சாமியார், "மதலைமுத்து குடும்பத்தார் ஒப்புக்கொடுக்கும் பூசை" என்று வாசித்துவிட்டார். மூத்தவள் பெயர் இல்லை. நான் எழுதிக் கொடுத்ததில் இருந்தது, சாமியார் விட்டுவிட்டார் என்று நான் சொன்னேன். நீ எழுதவே இல்லை என்று அக்கா சொன்னாள். அன்றோடு பேச்சு நின்றது. பேச்சு நின்றதே தவிர, பேசாமல் இல்லை. அக்கா தன் கருப்புக் கோழியைக் கூப்பிட்டு, சுவருக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்கும்படி, "ஏ கருப்பி, சில பேர் வீட்ல ராத்திரி பூரா ரேடியோ கத்துதே, அவுங்களுக்கெல்லாம் தூக்கமே வராதா?" என்பாள். நான் பிலோமினாளிடம், "சில பேர் வீட்டுக் கோழிக்குச் சொல்லி வை, நம்ம கீரைப் பாத்தியில கால் வச்சா அது குழம்புதான்" என்பேன். இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. அவள் மகன் சகாயராஜ் மஸ்கட்டுக்குப் போனதும், என் மகள் பெங்களூர் போனதும்கூட நாங்கள் கோழி மூலமாகவும் மனைவி மூலமாகவும்தான் ஒருவருக்கொருவர் தெரிந்துகொண்டோம்.

இப்போது அக்காவிடம் கையெழுத்துக் கேட்க வேண்டும். பிலோமினாளைப் போகச் சொன்னேன். "உங்க அக்கா, உங்க வீடு, உங்க பதினாலு மாடி. நீங்களே போங்க" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். என் வாசலில் இறங்கி அவள் வாசலில் ஏற நாலு எட்டு. ஆனால் நேராகப் போய் நிற்க வெட்கமாக இருந்தது. அதனால் கடைத்தெரு வரைக்கும் நடந்து, ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு, வெளியூரிலிருந்து வருகிறவன் மாதிரி எதிர்த்திசையிலிருந்து வந்து கதவைத் தட்டினேன். அக்கா கதவைத் திறந்தாள். என் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தாள்.

"யாரு?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "யாருன்னா? முத்து" என்றேன். "எந்த முத்து?" "இந்தத் தெருவுல எத்தனை முத்து இருக்காங்க?" "கேபிள் டிவி முத்துவா? போன மாசமே குடுத்தாச்சே." ஐயா, வாழைப்பழத்தை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். இத்தனை நாள் கழித்துத் தம்பி படியேறி வந்தால் இப்படி அவமானப்படுத்துவதா? "உன் கூடப் பொறந்தவன்டி, மதலைமுத்து!" என்று கத்தினேன். தெருவே எட்டிப் பார்த்தது. அக்கா கையை நீட்டினாள். அது என் தோளுக்கு வரவில்லை, தோளுக்கு ஒரு சாண் பக்கத்தில் காற்றில் போய் நின்றது. பிறகு தடவிக்கொண்டே வந்து என் சட்டையைப் பிடித்தது. எதிர் வீட்டு ஜன்னத் பீவி, தன் வாசலில் வற்றல் காயவைத்துக்கொண்டிருந்தவர், "சார், அக்காவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. உங்களுக்குத் தெரியாதா?" என்றார். தெரியாது. சந்துக்கு எதிர்ப்பக்கம் இருந்தவருக்குத் தெரிந்திருந்தது. ஒற்றைச் செங்கல் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குத் தெரியவில்லை. போன வருஷத்திலிருந்தே மங்கலாம். மகனுக்குப் போன் போட்டுக் கொடுப்பது, மருந்து எடுத்துக் கொடுப்பது எல்லாம் பீவிதானாம். மகனிடம் சொல்லவேண்டாம் என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். சொன்னால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவானாம்.

நான் உட்கார்ந்தேன். எதற்கு வந்தேன் என்பதே மறந்துவிட்டது. அக்காதான், "என்ன, பதினாலு மாடி விஷயமா? கருப்பிக்கே தெரியும், சொல்லு" என்றாள். சொன்னேன். தங்கள் செய்தியை ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "கையெழுத்துதானே, போடுறேன். ஆனா கண்ணு தெரியாம போட மாட்டேன். என்ன எழுதியிருக்குன்னு நானே படிச்சுப் பாத்துட்டுத்தான் போடுவேன். பூசையிலயே பேரை முழுங்குனவன் நீ" என்றாள். அதைச் சாமியார்தான் விட்டார் என்று நான் ஆரம்பிக்க, அவள் எழுந்துகொள்ள, பீவி குறுக்கே வந்து எங்கள் இருவர் கையிலும் ஆளுக்கொரு வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தார். வாயில் பழம் இருந்ததால் சண்டை அதற்கு மேல் போகவில்லை.

அக்காவின் நிபந்தனையை நல்லக்கண்ணுவிடம் சொன்னேன். அந்த மனுஷன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "அவ்வளவுதானே சார்? கண்ணைத் தெரிய வச்சிடுவோம்" என்று இரண்டு செல்போனிலும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார். அன்றிலிருந்து எங்கள் சந்து முழுவதற்கும் ஒரே லட்சியம், அக்காவின் கண். காத்தானுக்குக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கேன்டீன் போட ஆசை, ஆகையால் தினமும் காலையில் சர்க்கரை கம்மியாக ஒரு டீ அக்காவுக்கு இலவசம். இஸ்திரி போடுகிற தங்கையனுக்கு அங்கே துணி நிறைய வரும் என்று நம்பிக்கை, அவர் அக்காவின் புடவைகளை மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொண்டுவந்து கொடுத்தார். பீவிக்கு மட்டும் கட்டடம் பிடிக்கவில்லை. நிழல் விழுந்தால் வற்றல் எப்படிக் காயும் என்று கவலை. ஆனாலும் கண் விஷயத்தில் அவர்தான் எல்லாருக்கும் முன்னால் நின்றார். ஆவணி மாதம் எங்கள் மாதா கோவில் பள்ளிக்கூடத்தில் நடந்த இலவசக் கண் முகாமில் அக்காவைச் சேர்த்து, திருச்சிக்கு ஆபரேஷனுக்குத் தேதியும் வாங்கினோம். நல்லக்கண்ணு எங்கிருந்தோ வேன் கொண்டுவந்தார். அக்கா, நான், பிலோமினாள், பீவி, காத்தான், தங்கையன், தரகர், அத்தனை பேரும் ஏறினோம். டீக்கடையை அன்று மூடிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வெளியே வந்து, "சவரியம்மாள் கூட வந்தவங்க யாரு?" என்று கேட்டதும் ஒரு பெஞ்சு முழுக்க எழுந்து நின்றோம். அந்தம்மா திகைத்துப்போய், "எல்லாரும் சொந்தமா?" என்றார். முக்காடு போட்ட பீவியிலிருந்து விபூதி பூசிய காத்தான் வரைக்கும் ஒரே குரலில், "ஆமாம் டாக்டர்" என்றோம். எவ்வளவு சுயநலமான கூட்டம், எவ்வளவு அன்பான பதில் பாருங்கள்.

ஆபரேஷன் நடக்கையில் மஸ்கட்டிலிருந்து சகாயராஜ் போன் பண்ணினான். பீவி சத்தியத்தை மீறி விஷயத்தைச் சொல்லியிருந்தார். அவன் கோபமாகப் பேசுவான் என்று எதிர்பார்த்துக் காதிலிருந்து போனைக் கொஞ்சம் தள்ளியே வைத்துக்கொண்டேன். அவன் அழுதான். "மாமா, என்ன சண்டை இருந்தாலும் பக்கத்துல நீங்க இருக்கீங்கன்னுதான் நான் இங்க நிம்மதியா இருந்தேன்" என்றான். நான் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டேன். கடைசியில், "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். வேறென்ன கேட்பது?

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். வலது கண்ணுக்கு லென்ஸ் வைத்திருக்கிறது, இடது கண்ணுக்குப் பிறகு. அக்கா கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி முதலில் பிலோமினாளைப் பார்த்தாள், பீவியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். நான் ஏதாவது உருக்கமாகச் சொல்லுவாள் என்று தயாராக இருந்தேன். "ஐயய்யோ, என்னடா இப்படிக் கெழவனாயிட்ட?" என்றாள். "தலைமுடி எங்கடா போச்சு?" சண்டைக்கு அப்புறம் அவள் என் பக்கம் திரும்பியே பார்த்ததில்லை, அவள் ஞாபகத்தில் நான் சுருட்டை முடியோடு இருந்திருக்கிறேன். வார்டில் இருந்த அத்தனை பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் அழுதும் இருக்கலாம், அதைத் தாங்கள் பிரசுரிக்க வேண்டியதில்லை.

வீடு திரும்பியதும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எங்க அந்தப் பேப்பர், குடு" என்றாள். டாக்டரம்மா கண்ணுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னதை யார் கேட்கிறார்கள்? தங்கள் இதழைக் கொடுத்தேன். நல்லக்கண்ணு பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். அக்கா தலைப்பைப் படித்தாள். மறுபடி படித்தாள். "ஏன்டா முத்து, கடைசியில கொக்கி மாதிரி ஒண்ணு போட்டிருக்கானே, இது என்ன?" என்றாள். வாங்கிப் பார்த்தேன். கேள்விக்குறி. ஐயா, 'பதினான்கு மாடிக் கட்டடம்?' என்றுதான் தாங்கள் போட்டிருக்கிறீர்கள். உள்ளேயும் 'கூறப்படுகிறது', 'பேசிக்கொள்கிறார்கள்', 'நம்பப்படுகிறது' என்று மூன்று இடத்தில் இருக்கிறது. அத்தனை பேர் அத்தனை தரம் வாசித்தோம், இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிற எங்களில் ஒருவருக்கும் அது படவில்லை. "இவன் கட்டுறாங்கன்னு எங்கடா சொல்றான்? கட்டுறாங்களான்னு நம்மளைக் கேக்குறான்" என்றாள் அக்கா. தரகர் பேனாவை மூடிவிட்டார்.

ஆனால் தரகர் மனம் லேசில் தளராது. பூஜை லீவு நெருங்கும்போது ஒரு நாள் விடியற்காலையில் நீளநீளமான இரும்புச் சட்டங்களை ஏற்றிக்கொண்டு லாரிகள் வந்து தகரத்துக்குள் நுழைந்தன. எங்கள் வீட்டை வாங்காமலேயே தாராளமாகத் திரும்பி நுழைந்தன என்பதையும் குறிப்பிட வேண்டும். நல்லக்கண்ணு சரவெடி வாங்கிக் கொளுத்தினார். "இப்ப என்ன சொல்றீங்கம்மா? கொக்கியை நிமித்திட்டானா இல்லையா?" என்று அக்காவிடம் கேட்டார். இரும்பு நாளுக்கு நாள் உயர்ந்தது. தகரத்துக்கு மேலே தலை காட்டியது. ஆனால் வளைந்து காட்டியது. "ஏன் சார் வளையுது?" என்று காத்தான் கேட்டதற்கு, "இப்பல்லாம் அப்படித்தான், மாடர்ன் டிசைன்" என்று நான் விளக்கம் சொன்னேன். மறுநாள் இன்னும் வளைந்தது. அதற்கு மறுநாள் முழு வட்டமாகி, அதில் தொட்டில் தொட்டிலாகத் தொங்கவிட்டு, கலர் பல்பு போட்டு, வாசலில் 'மாபெரும் பொருட்காட்சி' என்று போர்டும் மாட்டிவிட்டார்கள். ராட்டினம், ஐயா. நாங்கள் ஆடி மாதத்திலிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது ராட்டினத்தை. எல்லாரும் நல்லக்கண்ணுவைத் திரும்பிப் பார்த்தோம். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "உசரமா ஒண்ணு வரும்னு சொன்னேன், வந்துச்சா இல்லையா?" என்றார்.

அக்கா ராட்டினத்தில் ஏறவேண்டும் என்றாள். இந்த வயதிலா என்றேன். "கண்ணு தெரியாம வாசப்படியில தடுக்கி விழுந்தப்ப வராத பயம் இப்ப எதுக்கு?" என்றாள். டாக்டரம்மா என்ன சொல்வாரோ என்று கேட்டுவர பிலோமினாளை அனுப்பினேன், முடியாது என்று பதில் வரும் என்ற நம்பிக்கையில். ஆபரேஷன் முடிந்து வாரங்கள் ஆகிவிட்டன, தாராளமாக ஏறலாம் என்று போனிலேயே சொல்லிவிட்டாராம். ஏறினோம். எனக்கு உயரம் ஆகாது. லைன்மேன்கள் கம்பத்தில் ஏறும்போது கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும். முதல் சுற்றிலேயே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, 'அருள் நிறைந்த மரியே' சொல்ல ஆரம்பித்தேன். பாதி ஜெபத்தில் ராட்டினம் நின்றது, எங்கள் தொட்டில் உச்சியில். கீழே ஆட்களை ஏற்றுகிறார்களாம். "கண்ணைத் தொறடா" என்றாள் அக்கா. மாட்டேன் என்றேன். "எனக்குத் தெரியற அன்னைக்கு நீ மூடிக்கிறியா? தொற" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திறந்தேன். பெரிய கோயில் கோபுரம் வெயில் சாய்கிற நேரத்தில் தேன் நிறத்தில் நின்றது. அரண்மனை, கோயிலுக்குப் பின்னால் புது ஆறு தண்ணீர் நிறைந்து போகிறது, அதற்கும் அந்தப் பக்கம் நடவு முடிந்த வயலெல்லாம் தண்ணீர் பளபளக்கிறது. அக்கா ஒவ்வொன்றாகச் சத்தமாகப் பேர் சொன்னாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை அட்டையைப் பார்த்து வாசிக்கிற மாதிரி. "பஸ் ஸ்டாண்டு. தண்ணி டாங்கு. நம்ம கோவில் சிலுவை. அங்க பாரு, பச்சைப் புடவை கட்டிக்கிட்டு ஒருத்தி மாடியில துணி எடுக்குறா." கடல் தெரியவில்லை. வல்லம் மேடு தெரிந்ததாகத்தான் நினைக்கிறேன். பிறகு அவள் நேர் கீழே பார்த்தாள். "அது யாரு வீடுடா, நடுவுல கோடு கிழிச்ச மாதிரி?" என்றாள். பார்த்தேன். ஓட்டுக் கூரை, முற்றம், கொல்லை, கொய்யா மரம். நடுவில் எங்கள் சுவர். "நம்ம வீடுக்கா" என்றேன். "சின்ன வீடுதான்டா" என்றாள். "இதுக்குள்ள இவ்வளவு பெரிய செவுரு வச்சிருக்கோம்." நான் அதற்கு ஏதோ சொல்ல வாயெடுத்தேன், ராட்டினம் மறுபடி சுற்ற ஆரம்பித்துவிட்டது, சொல்ல வந்தது 'அம்மா!' என்றுதான் வெளியே வந்தது. இறங்கும்போது அக்காதான் என்னைப் பிடித்துக்கொண்டு கூட்டிவந்தாள். பொருட்காட்சியில் எல்லாருக்கும் டெல்லி அப்பளம் வாங்கிக் கொடுத்தாள், தரகருக்கும் சேர்த்து.

மறுவாரமே கொத்தனாரைக் கூப்பிட்டோம். சுவரை முழுக்க இடித்தால் ஓடு இறங்கிவிடும் என்றார், ஆகையால் முற்றத்தில் ஒரு வாசல் உடைத்து நிலை வைத்துக் கதவு போட்டாயிற்று. இப்போது அக்காவுக்குக் காலைக் காப்பி எங்கள் அடுப்பில், எங்களுக்கு மீன் குழம்பு அவள் அடுப்பில். கிறிஸ்துமஸுக்கு அனிட்டாவும் சகாயராஜும் வருகிறார்கள். இரண்டு பேரும் ஒரே வீட்டுக்கு வருகிறார்கள் என்று எழுதும்போது எனக்கே புதிதாக இருக்கிறது. காத்தானுக்குப் பொருட்காட்சிக் கூட்டத்தில் வியாபாரம் நன்றாக நடந்தது. பீவியின் வற்றலுக்கு வெயிலும் குறையவில்லை. நல்லக்கண்ணு மட்டும் எங்கள் வீட்டை விற்றுக் கொடுக்க முடியவில்லையே என்று வருத்தத்தில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரச்சொல்லியிருக்கிறேன்.

ஆகையால் ஆசிரியர் அவர்களே, தாங்கள் உண்மையான செய்தி போட்டிருந்தால், அதாவது 'நீலத் தகரம் அடித்திருக்கிறார்கள், காரணம் தெரியவில்லை' என்று போட்டிருந்தால், தரகர் வந்திருக்க மாட்டார், நான் அக்கா வீட்டுப் படி ஏறியிருக்க மாட்டேன், அவள் இந்நேரம் இருட்டில் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், சுவருக்கு இந்தப் பக்கம் நான் ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பேன். இந்தச் செய்திக்குத் தாங்கள் மறுப்பு வெளியிடப் போவதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து வேண்டாம். எங்கள் சந்தில் யாருக்கும் அந்தச் செய்தியின் பேரில் குறையில்லை. இன்னும் பல தெருக்களில் பல சுவர்கள் இருக்கின்றன. முடிந்தால் அங்கேயும் ஏதாவது கட்டடம் வருவதாக எழுதவும்.

தங்கள் பத்திரிகை ஊர் ஊராகப் பரவவும், தங்கள் பிள்ளைகள் படித்து முன்னுக்கு வரவும், தங்கள் இரு கண்களும் தொண்ணூறு வயதிலும் ஊசியில் நூல் கோக்கும்படி இருக்கவும் பூண்டி மாதாவிடம் மன்றாடுகிறோம். அக்காவும் பிலோமினாளும் தங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
என்றும் நன்றி மறவாத
மதலைமுத்து

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. மேலே நாங்கள் ஒற்றுமையாக இருப்பதாக எழுதிய பகுதிகளை அடித்துவிடவும். புதுக் கதவுக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் வைப்பது என்று நேற்றுப் பேச்சு வந்தது. வீட்டுக்கு ஆண்பிள்ளை நான், என் பக்கம்தான் என்றேன். மூத்தவள் நான், என் பக்கம்தான் என்றாள். அந்தக் கொத்தனார் வெறுத்துப்போய் இரண்டு பக்கமும் ஆளுக்கொன்று அடித்துவிட்டுப் போய்விட்டார். இப்போது இரண்டு பேரும் மனசு வைத்தால்தான் கதவு திறக்கும். இன்று காலை காப்பிக்கு அவள் வரவில்லை, எங்களுக்குக் குழம்பும் வரவில்லை. எனவே நான் சொன்ன நன்றியைத் தாங்கள் தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டும் என்று எழுத உட்கார்ந்தேன். சற்று முன் அந்தப் பக்கம் தாழ்ப்பாள் எடுக்கிற சத்தம் கேட்டது. உடனே போய் என் பக்கத்தை எடுத்தால் மரியாதையாக இருக்காது. இதைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு, அப்படியே மீனும் வாங்கிக்கொண்டு வந்து எடுக்கிறேன்.